முழங்கால் உயரத்தில் ஒரு ஜன்னல்

நூறு வருடங்களுக்கு முன் பள்ளிக்கூடங்களைக் கட்டிக்கொடுத்த சவரிராயனைப் பற்றி மரகதவல்லி மூன்று வருடமாக அலைந்து கண்டெடுத்தது, ஒரு வரைபடத்தின் மூலையில் இருந்த கையெழுத்தை மட்டும்தான். ஒரு புகைப்படம்கூட இல்லை. ஆனால் அவர் கட்டியவற்றில் அவள் இதுவரை பார்த்த ஆறு பள்ளிகளிலும் ஒன்றாம் வகுப்பில் ஒரு ஜன்னல் மட்டும் முழங்கால் உயரத்தில் இருந்தது. ஏழாவது பள்ளிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது, பிள்ளைகளைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டு, அந்த ஜன்னலை அடைக்கக் கொத்தனார் செங்கல்லோடு நின்றிருந்தார்.

"அளவு தப்பி வச்சிட்டாங்க மேடம். அதுல ஒண்ணுமே தெரியாது" என்றார் தலைமையாசிரியை குளோரி.

"ஒரே தப்பு ஏழு ஊர்லயுமா டீச்சர் நடக்கும்?"

கேட்டுவிட்டு மரகதவல்லி, பிள்ளைகள் உட்காரும் வெறுந்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வெளியே பார்த்தாள். நகர்ந்து குளோரிக்குப் பக்கத்தில் இடம் விட்டாள்.

குளோரி கஞ்சி போட்ட புடவையை ஒதுக்கிக்கொண்டு அரைமனதாக உட்கார்ந்தார். ஜன்னலுக்கு நேராகப் பள்ளியின் கேட் தெரிந்தது. பிள்ளையை அன்றுதான் சேர்த்துவிட்டு வந்த ஒரு தாய், போக மனமில்லாமல் கம்பியைப் பிடித்தபடி இந்தப் பக்கமே பார்த்து நின்றாள்.

"அடைச்சிரலாமா டீச்சர்?" என்றார் கொத்தனார்.

குளோரியின் காதில் அது விழவில்லை. அவருடைய கை தானாக எழுந்து, அந்தத் தாய்க்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தது.