பதினேழாம் நம்பர் பஸ்

பஸ் வசதி பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கப் பல்கலைக்கழகத்தின் பொதுக்கொள்கைத் துறை கூட்டம் போட்டிருந்தது. முதல் ஆளாக வந்து உட்கார்ந்த ஒரு அம்மா, மைக்கை வாங்கியதும் விடுவதாக இல்லை.

"பதினேழாம் நம்பர் பஸ் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறதே இல்லை சார். மாசமா இருக்கிற பொண்ணு கையைக் காட்டிக்கிட்டு நிக்குது, பஸ் அது பாட்டுக்குப் போகுது. இறங்கறவங்களும் அடுத்த ஸ்டாப்ல இருந்து ஒரு கிலோமீட்டர் திரும்ப நடக்கணும்."

கூட்டத்தை நடத்திய பேராசிரியருக்குச் சுருக்கென்றது. "எத்தனை நாளா இப்படி?"

"தினமும்தான். நேத்து மட்டும் கை காட்டினவங்க இருபத்திரண்டு பேர். எண்ணி வச்சிருக்கேன். சட்டுனு எழுதிக்கோங்க சார், மூணரை பஸ்ஸுக்கு நான் போகணும்."

பேராசிரியர் பேனாவை மேஜையில் போட்டார். "முதல்ல அந்த டிரைவரைப் பிடிக்கணும்மா! நெஞ்சுல ஈரமே கிடையாதா? ஆள் யாருன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? நான்தான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பேராசிரியர் அசடு வழிந்தார்.

"ஸ்டாப் பட்டியல்ல இல்லாத இடத்துல நிறுத்தினா எனக்கு மெமோ வரும் சார். மூணு வருஷமா நானும் கேட்டுப் பாத்துட்டேன். நீங்க அறிக்கையில ஒரு வரி எழுதுங்க, பிரேக்கை நான் பாத்துக்கறேன்."

எழுதினார். நாலே மாதத்தில் ஆஸ்பத்திரி வாசலில் புது பஸ் ஸ்டாப் பலகை முளைத்தது.

முதல் நாள், மூன்றரை மணி பஸ்ஸுக்கு அங்கே கை காட்டி நின்ற கும்பலில் பேராசிரியரும் இருந்தார். பஸ் சரியாக அவர் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது.

டிரைவர் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"யாருக்கு நெஞ்சுல ஈரமில்லைன்னீங்க? ஏறுங்க சார்!"