தேய்ந்த மூட்டுப் பாடம்

நோயாளியைத் தொடுமுன் அவருடைய நோயை ஒருமணி நேரம் மாட்டிப் பார்க்க வேண்டும். இயன்முறை மருத்துவ உதவியாளர் தேர்வில் அதுதான் விதி. அன்று தேய்ந்த மூட்டு. அந்த வலியை அப்படியே உண்டாக்கும் மின்காலுறையை முட்டிக்கு மேல்வரை மாட்டிய பிள்ளைகள் நாலாவது படியிலேயே அலறினார்கள். பதினெட்டு வருஷம் சூளையில் செங்கல் சுமந்துவிட்டுப் படிக்க வந்த பேச்சித்தாய் மாடிவரை ஏறி இறங்கினாள்.

“அக்காவுக்கு இரும்புக் காலு!” என்றார்கள் பிள்ளைகள்.

வலிக்கும் இடத்தைச் சொல்லாவிட்டால் தேர்ச்சி கிடையாது. அவள் தேர்வு நடத்தும் டெய்சி மேடத்திடம் போனாள்.

“மேடம், சுவிட்ச எப்பப் போடுவீய?”

“போட்டு அரைமணி நேரமாச்சு.”

“ஒண்ணும் தெரியலியே. எப்பவும் போலத்தான இருக்கு.”

டெய்சி மேடம் உறையைக் கழற்றி, அவள் முட்டியை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

“எப்பவும் இப்படியா இருக்கும்?”

“எல்லாருக்கும் அப்படித்தான மேடம்?”