ஒன்றும் வராவிட்டால்

மூன்றாவது முறையும் அதே வரியை அடித்தாள்.

என்டர் தட்டினாள்.

ஒன்றும் வரவில்லை. பிழை என்று ஒரு சொல்கூட இல்லை. கர்சர் அடுத்த வரிக்குப் போய் நின்று சிமிட்டியது.

அலுவலகம் கொடுத்த லேப்டாப் அது. விண்டோஸ். பக்கத்தில் திறந்திருந்தது அவளுடைய சொந்த லேப்டாப். லினக்ஸ். அதிலும் இதே வரியை ஒரு சின்ன ஃபோல்டரை வைத்து ஓட்டிப் பார்த்திருந்தாள். அங்கேயும் திரையில் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஃபோல்டர் ஒழுங்காக நகலாகியிருந்தது.

இங்கே ஒரு கோப்புகூட நகலாகவில்லை.

சனிக்கிழமை, காலை பத்தரை. சமையலறையில் பிரிட்டோ டீ போட்டுக்கொண்டிருந்தான். அவள் கணவன். நான்கு மழைக்காலங்கள் வால்பாறைக் காட்டில் நனைந்து தவளைகளின் குரலைப் பதிவு செய்தவன். அந்தப் பதிவுகள்தான் அவனுடைய முனைவர் பட்டம். ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் ஏழு வாரம் இருந்தது.

நேற்று மாலை ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தான். உள்ளே ஒன்றுமே இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் பல்கலைக்கழகத்திலிருந்து போன் செய்திருந்தான். துறை லேப்டாப்பை இன்றே திருப்பித் தர வேண்டுமாம். எல்லாவற்றையும் மவுஸால் இழுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக்கொள்கிறேன் என்றான். இந்தக் காலத்தில் யாராவது இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களா என்று அவள்தான் சிரித்தாள். எல்லாவற்றையும் நகலெடுக்க ஒரே வரியில் ஒரு பைத்தான் கமாண்டை எழுதினாள். நடுவில் ஓர் இடைவெளிகூட விடாமல். அப்படி எழுதுவதில் அவளுக்கு எப்போதும் ஒரு பெருமை.

தன் லினக்ஸில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாட்ஸப்பில் அனுப்பினாள்.

துறை லேப்டாப்பின் விண்டோஸில் அதை ஓட்டிவிட்டு, அதற்குள்ளாகவா முடிந்துவிட்டது என்று கேட்டான். மவுஸ் மாதிரி நினைத்தாயா என்றாள். திரையில் ஒன்றும் வரவில்லையே என்றான். அவள் மீட்டிங்கில் இருந்தாள்.

“ஒண்ணும் வரலைன்னா எல்லாம் சரின்னு அர்த்தம். தப்பா இருந்தாத்தான் கத்தும்.”

பொய் சொல்லவில்லை. பதினோரு வருடமாக அவள் வேலை அப்படித்தான் நடக்கிறது. திரை கத்தாவிட்டால் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவாள்.

திறந்து பார்த்தாயா என்று மட்டும் கேட்கவில்லை.

இப்போது புரிந்துவிட்டது. கமாண்டைச் சுற்றி ஒற்றை மேற்கோள்குறி போட்டிருந்தாள். லினக்ஸில் அது வெறும் உறை. பிரித்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் பைத்தானிடம் கொடுக்கும். விண்டோஸின் கறுப்புத் திரைக்கு இரட்டைக்குறிதான் உறை. ஒற்றைக்குறியை அது பிரிக்கவில்லை, அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டது. மேற்கோளுக்குள் இருப்பதைப் பைத்தான் வேலையாக எடுத்துக்கொள்ளாது. மளிகைச் சீட்டை வாசித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டதுபோல, வாசித்தது. முடித்துக்கொண்டது.

ஓர் இடைவெளி விட்டிருந்தால் போதும். அந்த இடத்தில் வரி உடைந்து, பிழை என்று கத்தியிருக்கும்.

மவுஸால் இழுக்க விட்டிருந்தாலும் போதும்.

துறையில் அந்த லேப்டாப்பை முழுவதும் துடைத்து வேறொரு மாணவிக்குக் கொடுத்தாயிற்று. மீட்க வழியே இல்லை என்று நேற்றே போனில் சொல்லிவிட்டார்கள். ரெக்கார்டரின் கார்டிலும் ஒன்றும் இல்லை; லேப்டாப்பில் ஏற்றியதும் கார்டை அழித்துவிடுவது அவன் வழக்கம்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பயமும் இல்லை. கை மட்டும் நான்காவது முறையாக அதே வரியை அடித்தது.

பிரிட்டோ இரண்டு டம்ளரோடு வந்தான். அரைக்கால் சட்டை. கணுக்காலில் அட்டை கடித்த தழும்புகள், பொட்டுப் பொட்டாக. நான்கு மழைக்காலத்தில் மிச்சம் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள். நினைப்பு வந்தது, போய்விட்டது.

டம்ளரை வைத்தான். திரையை அவன் பார்க்கவில்லை.

ஆய்வு கைடுக்கு மெயில் எழுதிவிட்டானாம். தன்னுடைய கவனக்குறைவால் பதிவுகள் முழுவதும் போய்விட்டன, முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று. இன்னும் அனுப்பவில்லை. அதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று வந்தானாம்.

“நீ அனுப்புன லைன் சரிதான? நான்தான எதையோ தப்பாப் பண்ணிட்டேன்?”

அவள் கர்சரைப் பார்த்தாள். சிமிட்டிக்கொண்டிருந்தது.

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை. டீயின் மேல் ஆடை படிந்தது.

அவன் கொஞ்ச நேரம் நின்றான். அவசரப்படுத்தவில்லை.

அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

சரி என்று தலையாட்டிக்கொண்டான். போனை எடுத்து மெயிலை அனுப்பினான்.