அழுத்தாத விரல்

நிரோசினி விரலில் களவு செய்துகொண்டிருந்தாள்.

அவள் வேலை செய்யும் வீட்டு அம்மா, சின்யோரா நின்பாவின் வலது இடுப்பில், மூட்டு மாற்றிய இடத்தில், ஒரு சாண் நீளத் தழும்பு. தையல் ஆறியதும் பிசியோதெரபி செய்யும் கிளறா வந்து செய்முறை காட்டிவிட்டுப் போயிருந்தாள். எண்ணெய் தொட்டு, இரண்டு விரலை ஊன்றி, தோல் உள்சதையோடு ஒட்டிப்போகாதபடி அசைத்து அசைத்து அழுத்த வேண்டும். விடிய பத்து நிமிடம், பின்னேரம் பத்து நிமிடம். பிறகு கட்டில் விளிம்பில் படுக்கவைத்து, காலைத் தொங்கவிட்டுத் தொடைச் சதையை இளக்க வேண்டும். செய்யாவிட்டால் எல்லாம் இறுகிப்போகும், சின்யோரா ஊன்றுகோலோடுதான் காலம் தள்ளுவார் என்றாள்.

நிரோசினி எண்ணெய் தடவினாள். விரல் மேலால் வழுக்கிக்கொண்டு போனது. அழுத்தம் மட்டும் இல்லை.

காரணம் அவளுடைய வேலைக் கடதாசியில் இருந்தது. சின்யோரா ஊன்றுகோல் இல்லாமல் நடக்கும் நாள்வரைக்கும்தான் வேலை என்று, மிலானில் இருக்கும் அவருடைய மகன் அதில் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தான். வேலை இருந்தால்தான் இத்தாலியில் இருப்பதற்கான பெர்மெசோ அட்டையைப் புதுப்பிக்கலாம். புருசன் கிருபன் பல்லரோச் சந்தைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் பதிவில்லாமல் கோப்பை கழுவுகிறான். மகள் சாம்பவி மூன்றாம் வகுப்பு. மூன்று பேரும் இந்த ஊரில் இருப்பதா இல்லையா என்பது அந்த ஒரு கடதாசியில் தொங்கியது. புது அட்டையை ஏப்ரலில்தான் தருவோம் என்று குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். அப்போது ஜனவரிதான் நடந்துகொண்டிருந்தது.

"உமக்கென்ன அவசரம்? கொஞ்சம் மெல்லமாய்த் தடவுமன்," என்று கிருபன் ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்.

அவனுக்கு நல்ல ஏச்சுக் கொடுத்தாள். அடுத்த நாள் விடிய, அவளுடைய விரல் தானாகவே மெல்லமாகிவிட்டது.

ஏழு வருடமாகக் கேட்டுப் பழகியதில், இத்தாலியன் அவள் காதுக்குள் போகும்போதே யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். நாமும் அப்படியே கேட்போம்.

"இண்டைக்கும் இறுகிப்போய்த்தான் கிடக்கு, நிரோ," என்பார் சின்யோரா, ஒவ்வொரு நாளும்.

எழுபத்தாறு வயது மனுசி. கபோ சந்தைக்குத் தானே போய், மீன்காரனோடு வாய்காட்டிப் பேரம் பேசினால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். இப்போது நிரோசினி வாங்கி வரும் மீனின் செவுளைக் கிளப்பிப் பார்த்துக் குறை சொல்வதோடு சரி.

கிளறா வியாழக்கிழமைகளில் வருவாள். ஒரு வியாழன், காலை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். சின்யோரா முகத்தைச் சுளித்தார். கிளறா நிமிர்ந்து நிரோசினியைப் பார்த்தாள்.

"நான் காட்டின மாதிரியே அழுத்துறீரோ?"

நிரோசினி வாய் திறக்கும் முன்பே சின்யோரா முந்திக்கொண்டார்.

"அவளை ஏன் கேக்கிறாய்? அவள் அழுத்திற அழுத்திலை எனக்குக் கண்ணுக்குள்ளை பூச்சி பறக்குது. என்ரை சதைதான் பிடிவாதம்."

கிளறா தலையை ஆட்டிவிட்டு, சின்யோராவுக்கு இன்னும் ஊன்றுகோல் தேவை என்று எழுதி மகனுக்கு அனுப்பினாள்.

நிரோசினி குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். சின்யோரா ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். தன்னை நம்பிக் காலை நீட்டுகிற மனுசியை முடமாக்குகிறோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். நாளைக்கு ஒழுங்காக அழுத்துவது என்று முடிவெடுப்பாள். வீட்டுக்குப் போய்ச் சாம்பவி பாடம் எழுதுவதைப் பார்த்ததும் அந்த முடிவு கரைந்துவிடும். இப்படியே பெப்ரவரி போய் மார்ச்சும் போனது.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி அட்டை கையில் வந்தது. இன்னும் இரண்டு வருடத்துக்குப் பயமில்லை. கிருபன் இனிப்பு வாங்குவோம் என்றான். அவள் கேட்காமல், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் இருக்கும் சின்யோராவின் வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்தாள். துரத்தினாலும் பரவாயில்லை, சொல்லிவிட வேண்டும்.

கதிரையில் இருந்த சின்யோராவின் முன்னால் நின்றபடியே சொன்னாள்.

"மூண்டு மாசமாய் நான் உங்களுக்கு ஒழுங்காய் அழுத்தயில்லை, சின்யோரா. வேணுமெண்டுதான் செய்தனான். உங்கடை கால் இப்பிடி இறுகினதுக்கு நான்தான் காரணம்."

சின்யோரா கையை நீட்டினார்.

"அட்டையைக் காட்டு."

கண்ணாடியைப் போட்டு, அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, முடிவுத் தேதியை வாய்விட்டு வாசித்தார். அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு எழும்பினார். ஊன்றுகோல் கதிரையில் சாய்ந்தபடி கிடக்க, நேரே குசினிக்கு நடந்து போய்க் கோப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்தார்.

நிரோசினி ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"நீ அழுத்தாமல் தடவத் தொடங்கின அண்டைக்கே எனக்கு விளங்கீட்டுது," என்றார் சின்யோரா, திரும்பாமலே. "நீ வீட்டை போன பிறகு நானே கதவைப் பூட்டிப்போட்டு அழுத்தினனான், காலையும் தொங்கவிட்டனான். கிளறா வரேக்கை மட்டும் சதையை வேணுமெண்டே இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு கிடப்பன். நான் நடக்கிறன் எண்டு அவள் எழுதினால், மகன் அடுத்த நாளே உன்னை நிப்பாட்டியிருப்பான்."

இரண்டு கோப்பையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, தன் இடது தொடையைப் பிடித்துக்கொண்டார்.

"இனி என்னாலை ஏலாது, பிள்ளை. பொய்யாய் நொண்டி நொண்டி நல்ல காலும் நோகத் தொடங்கீட்டுது."