ராக்காயி துரை

“மலையில கக்கூஸ் எல்லாம் கட்ட முடியாது. வேலைக்கு வந்தா வேலையைப் பாருங்க,” என்றார் துரை.

“ஒதுங்க எடமில்லைன்னு காலையிலேருந்து தண்ணியே குடிக்காம, பெற்றீசியா மயங்கி விழுந்துட்டாங்க, தொரை,” என்றாள் அம்மாக்கண்ணு.

“அதுக்கு நான் கொழும்புல கேக்கணும்.”

“நில்லுங்க,” என்றாள் நிஷாந்தி. “இது புது சாக்கு. இதுக்கும் ஒரு சட்டம் போடுவோம். கொழும்புன்னு சொன்னா, தொரை நம்ம முன்னாலயே போன் எடுக்கணும்.”

துரையாக உட்கார்ந்திருந்த ராக்காயி தலைத்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “நடுவுல நடுவுல சட்டம் போட்டா நான் எப்படி ஜெயிக்கிறது?”

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நிஷாந்தி, தலவாக்கலைக் கூட்டாளிகளோடு சனிக்கிழமைகளில் ஆடுகிற ஆட்டம் இது. ஆளுக்கொரு வேஷம், மேசையில் ஒரு வரைபடம், உருட்ட ஒரு பகடை. அங்கே பூதத்தோடு மோதுவார்கள். இங்கே பூதம் கிடையாது. தோட்டத்தை நடத்தும் துரைதான்.

பெற்றீசியாவும் சேர்ந்து நால்வரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் விளையாடினார்கள். துரை கத்தினால் ஒரு சட்டம், சிங்களத்துக்கு மாறினால் ஒரு சட்டம், மலையில் வேலை வாங்கும் கண்டாக்கைக் கூப்பிட்டு விரட்டச் சொன்னால் ஒரு சட்டம். பகடையில் ஆறு விழுந்தால் துரை ‘சரி’ சொல்லியாக வேண்டும். ராக்காயி லேசில் மசியவில்லை. கொழுந்து பறிக்கிற இருபது வருஷத்தில் கேட்ட பேச்சையெல்லாம் திருப்பிப் பேசினாள்.

கடைசி ஞாயிறு ஆறு விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

“சரின்னு சொன்னதுக்கப்புறம்?” என்று கேட்டாள் ராக்காயி.

“அப்புறம் என்னக்கா, ஜெயிச்சாச்சு,” என்று நிஷாந்தி வரைபடத்தைச் சுருட்டினாள்.

மறுநாள் நால்வரும் ஆபீசுக்குப் போனார்கள். நிஜத் துரை கத்தவில்லை. நாற்காலி போடச் சொன்னார், பிளேன்டீ வரவழைத்தார். அம்மாக்கண்ணு சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“நியாயந்தானே? கட்டிருவோம். கூடிய சீக்கிரம்.”

போட்டு வைத்த சட்டம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. அம்மாக்கண்ணுவுக்கு அழுகையே வந்துவிட்டது. நிஷாந்தி கும்பிட்டபடி எழுந்தாள். பெற்றீசியாவும் எழுந்தாள்.

ராக்காயி எழவில்லை. துரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உக்காருங்கடி. நான் தொரையா இருந்தாலும் இப்படித்தான் சொல்லி அனுப்புவேன்.”