திரிப் பஞ்சு

வலியசாலை அக்ரகாரத்து வீட்டில் வாலாம்பாள் எது செய்தாலும் ஒரு பெண்குரல் அதைச் சொல்லிக்கொண்டே இருந்ததாம். "வாலா அரிசி களையறா. வாலா வெளக்கேத்தறா." மறுநாள் அவளைப் பைத்திய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அப்பா வண்டி சொல்லிவிட்டார்.

மாலை வைத்திய வகுப்பில் டாக்டர் சொன்னது தம்பி ஸ்ரீகண்டனுக்கு நினைவு வந்தது. காதை அடைத்தாலும் கேட்டால்தான் நோய். வெளிக்குரல் என்றால் அடங்கிவிடும். விளக்குத்திரிக்கு வைத்திருந்த பஞ்சை அக்காவின் காதுகளில் திணித்தான்.

"நின்னுடுத்துடா!" என்று சிரித்தாள் வாலாம்பாள். "பெரிய டாக்டர்தான் நீ!"

அப்பாவிடம் ஓடப்போனவனுக்கு வழக்கமான சந்தேகம் வந்தது. சோதனை சரிதானா? தன் காதுகளையும் அடைத்துப் பார்த்தான். தெருச் சத்தம் அடங்கியது. எதிரே அக்கா வாய்மூடிப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்ரீகண்டன் காதை அடைச்சுக்கறான்" என்றது ஒரு பெண்குரல், நிதானமாக.