நூற்றுக்கு இரண்டு

"எவனோ குடிச்சுக் குடிச்சு ஈரலைக் கெடுத்துக்குவான். அதுக்கு நான் வரி கட்டணுமா?" என்று கஞ்சி கேட்டபோது, சலவைக் கூடத்தில் மற்ற பதினாறு பேருக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

கஞ்சி என்பது பட்டப்பெயர். இஸ்திரி மெஷினில் நிற்பவர். போர்வைக்குப் போடும் கஞ்சியால் வந்த பேரா, யாருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை என்பதால் வந்த பேரா என்று யாரும் ஆராய்ந்ததில்லை.

விஷயம் இதுதான். அரசாங்கம் புதிதாக ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. சம்பளத்தில் நூற்றுக்கு இரண்டு கூடுதல் வரி. பதிலுக்குக் குடும்பம் மொத்தத்துக்கும் எந்த வைத்தியமானாலும் இலவசம். முதலில் வெள்ளோட்டம். ஒவ்வொரு வேலையிடத்திலும் ரகசியமாகச் சீட்டுப் போட வேண்டும். பாதிக்கு மேல் சம்மதம் என்று வந்தால் அந்த இடம் திட்டத்தில் சேரும், இல்லாவிட்டால் இல்லை.

இவர்கள் வெளுப்பது ஆஸ்பத்திரிப் போர்வைகளை. நாள் முழுக்க அடுத்தவர் ரத்தக் கறையோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு, அதே போர்வையில் நோயாளியாக ஒரு நாள் படுக்க வசதி கிடையாது.

அதிலும் போர்வை மடிக்கும் அக்காவின் பாடு ரொம்ப மோசம். புருஷனுக்கு இதய வால்வை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஏழு மாதம் ஆகிறது. நாலு படி ஏறினால் அந்த மனுஷனுக்கு மூச்சு வாங்குகிறது. கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் கேட்டுப் பார்த்தாயிற்று. இந்தத் திட்டம் ஒன்றுதான் அவளுக்கு மிச்சம்.

அதனால் அந்த வாரம் முழுக்க ஆளாளுக்கு அவளிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வண்டி ஓட்டுகிறவன், மகளின் டியூஷனை நிறுத்தினாலும் பரவாயில்லை, உங்களுக்காகச் சம்மதம் என்றான். சோப்புத் தண்ணீர் கலக்குகிறவள், தன் அம்மாவுக்கு அனுப்புவதில் குறைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். சூப்பர்வைசர் ஒரு படி மேலே போய், சாப்பாட்டு இடைவேளையில் எழுந்து நின்றே பேசினார்.

"நம்ம அக்காவுக்காக இதைக்கூடச் செய்யலைன்னா நாமெல்லாம் என்ன மனுஷங்க?"

ஒவ்வொரு தடவையும் அக்கா தலையை ஆட்டி வைத்தாள். நல்லவர்களுக்கு நாள் முழுக்க நன்றி சொல்லிக்கொண்டிருப்பதும் ஒரு வேலைதான், அதற்குச் சம்பளம் கிடையாது. வாரக் கடைசியில் அவள் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை.

கஞ்சி மட்டும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடிகாரன் ஈரலையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் மேஜையில் சீட்டுகளைக் கொட்டினார்கள். எல்லாருக்கும் கால் கடுத்தது. எப்போது வீடு போய்ச் சேருவோம் என்றிருந்தது. சூப்பர்வைசர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். சம்மதம் எட்டு, சம்மதமில்லை எட்டு என்று வந்து நின்றது.

கடைசியாக ஒரு சீட்டு. ஓரத்தை உள்ளே திருப்பி, மூன்றாக மடித்து, விரலால் நீவி விட்டிருந்தது. பிரித்தார்.

"சம்மதமில்லை."

எல்லாரும் ஒன்றாகக் கஞ்சியின் பக்கம் திரும்பினார்கள். நீயெல்லாம் சாப்பிடுகிறது சோறுதானா என்று சோப்புக்காரி கேட்டாள். ஒரு ஆளால் ஒரு உயிர் போகப் போகிறது என்றான் வண்டிக்காரன். சூப்பர்வைசர் மட்டும் கையிலிருந்த சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். "அது வந்து... அந்தச் சீட்டு..."

"நான்தான் போட்டேன்," என்றார் கஞ்சி. "இப்ப என்ன? போங்க, அவங்கவங்க வீட்டைப் பார்த்துப் போய்ச் சேருங்க."

முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் கலைந்தார்கள். அக்கா கடைசியாகப் போனாள். வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கஞ்சி மெஷினைத் துடைக்கிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சூப்பர்வைசர் கிட்டே வந்தார்.

"என்னய்யா இது? கண்ணாடி கொண்டுவரலைன்னு உன் சீட்டை என்கிட்டதானே கொடுத்தே? சம்மதம்னு டிக் போட்டது நான்தானே?"

"ஆமா."

"அப்படின்னா வாரம் பூரா ஏன் அந்தக் கத்துக் கத்தினே?"

"வரின்னா திட்டத்தான் செய்வேன் சார். திட்டிக்கிட்டே கட்டுவேன்."

"சரி, அடுத்தவன் பழியை ஏன் உன் தலையில போட்டுக்கிட்டே?"

கஞ்சி அந்தக் கடைசிச் சீட்டை எடுத்து, மடிப்புத் தெரியும்படி காட்டினார்.

"பதினோரு வருஷமா மெஷினுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அந்தம்மா. இந்த மடிப்பு எனக்குத் தெரியாதா?"

சூப்பர்வைசருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவளேவா என்று கேட்டார். அவள் ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"உனக்காக, உனக்காகன்னு ஆளாளுக்குச் சொன்னா பின்ன என்ன செய்யும்? எல்லாருக்கும்தானே வரி, எல்லாருக்கும்தானே வைத்தியம். அதை அந்தம்மாவுக்குப் போடற பிச்சையாக்கிட்டீங்க. இத்தனை பேர் வயித்துல அடிச்சா புருஷனைக் காப்பாத்தறதுன்னு நெனச்சிருக்கும். என்னைத் திட்டினா எனக்குப் பழக்கம். அந்தம்மா தாங்காது."

கஞ்சி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அந்தம்மா போட்டது ஒண்ணு சார். எல்லாரும் அது மூஞ்சிக்கு நேரா சம்மதம்னு சொன்னவங்கதானே? மீதி எட்டு யாருன்னுதான் எனக்குப் புரியல."

சூப்பர்வைசர் சீட்டுகளை அள்ளினார். அந்த எட்டில் ஏழு யார் போட்டது என்று அவருக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் தெரியும். அதை அவர்தான் போட்டார்.